மூளையும் காந்தமும் கணக்கும்



சென்னை மாநகரின் தியாகராய நகர் 1920களில் உருவானது. அந்நகர் தோன்றிய சில ஆண்டுகளில், அதாவது 1931-ஆம் ஆண்டில், அதன் அருகேயுள்ள மாம்பலம் நிலையத்தின் வழியே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலை இயக்கிய விசை யாது? காந்தப் புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அக்கம்பி தள்ளப்படும் என்பதே. இவ்வுண்மையைக் கொண்டு மைக்கேல் ஃபாரடே 1821-ல் ஒரு கம்பியை ஓயாது சுழலச் செய்து காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1831-ல், மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்ற மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். இவ்விரண்டு விதிகளும் தொழிற்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து மனித மூளை வரை வந்து சேர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

மனித உடலும் மின்சாரத்தைக் கடத்துவதே. ஆகையால் மாறும் காந்தப் புலம் தலைக்குள்ளும் மின்னோட்டத்தைத் தூண்டும் அன்றோ? 1896-ல் பாரிஸ் நகரத்து தார்சொன்வால் என்னும் அறிஞர் பெரியதொரு கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தபோது கண்ணில் ஒளி மினுமினுப்பதாகத் தோன்றியது. விழித்திரையில் எழுந்த தூண்டலே அதற்குக் காரணம் என்பர். மூளையையே இவ்வாறு தூண்டும் கருவி அமைய மேலும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோனி பார்க்கரும் அவருடைய துணைவர்களும் தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் நொடிப்பொழுது மின்துடிப்பைச் செலுத்தி, வலியின்றிக் கைத்தசையை அசைத்துக் காட்டினர்.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் 1950-ல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பணியைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவர் வளர்த்த சென்னை மரபில் வந்தவர் டாக்டர் டி. எஸ். கனகா. நம் நாட்டின் முதற் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவரான இவர், 1970களிலேயே மூளையின் ஆழத்தில் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டும் சிகிச்சையை மேற்கொண்டார்.

இனி மற்றொரு கிளையைக் காண்போம். அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் வானொலி அலையுடன் ஒத்ததிர்வதை 1946-ல் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே கண்டறிந்து, அதற்காக 1952-ல் நோபெல் பரிசைப் பெற்றனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூரியன் என்பவர், குழாயில் ஓடும் திரவத்தில் இந்த அதிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து 1951-ல் வெளியிட்டார். ஓடும் இரத்தத்தைக் காந்த அதிர்வால் காணும் முறைகளுக்கு அது முன்னோடியாயிற்று. 1973-ல் லாட்டர்பர் காந்த அதிர்வைக் கொண்டு முதற்படம் எடுத்தார். இன்று எம்.ஆர்.ஐ. என நாம் வழங்கும் கருவி அவ்வழியே பிறந்தது.

ஒன்று மூளையைத் தூண்டுகிறது. மற்றொன்று மூளையின் செயலைப் படமாகக் காட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே செய்தால், ஓரிடத்தைத் தூண்டும்போது தொலைவிலுள்ள எப்பகுதி விழிக்கிறது என்பதை அப்பொழுதே அறியலாம். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் போனிங் குழுவினர் இதனைச் செய்து காட்டினர். ஆயினும் இவ்விரு கருவிகளும் எளிதில் இணங்கி வாழ்பவை அல்ல.

மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டு அறியலாம். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப் புலம் 3 டெஸ்லா என்க. தூண்டும் சுருளில் கணப்பொழுது பாயும் மின்னோட்டம் 5000 ஆம்பியர் என்க. சுருளின் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பகுதி புலத்துக்குச் செங்குத்தாக இருப்பின், அதன்மேல் விழும் விசை 3 × 5000 × 0.1, அதாவது 1500 நியூட்டன். சுமார் 150 கிலோகிராம் எடையுள்ள பாரம் ஒரு கணம் அக்கம்பியை இழுப்பதற்கு ஒப்பாகும் இது. சுருளின் எதிர்ப்புறம் மறுதிசையில் இழுக்கப்படும். மாம்பலத்து ரயிலை ஓட்டிய அதே விசை இங்கே சுருளை முறுக்கிப் பிளக்க முயல்கிறது. ஆதலால் சாதாரணச் சுருளை அவ்வறைக்குள் கொண்டுசெல்வது தகாது.

வேறு தொல்லைகளும் உண்டு. சுருளில் கசியும் சிறு மின்னோட்டமும் படத்தைக் கெடுக்கும். ஆகவே தூண்டும் துடிப்பைப் படமெடுக்கும் இடைவெளிகளில் செலுத்த வேண்டும். 3 டெஸ்லாக் கருவியில் படமெடுக்க அனுப்பும் வானொலி அலை ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்ட நோயாளியின் உடலில் நீண்ட கம்பி ஓடுகிறது. அக்கம்பி ஏரியல் போல அலையை வாங்கினால் அதன் நுனி சூடேறும். அவ்வாறு படமெடுத்த ஒருவருக்கு நிரந்தர நரம்புக் கேடு நேர்ந்ததை 2005-ல் வெளியான மருத்துவ அறிக்கையொன்று பதிவு செய்தது.

அப்படியாயின் செய்ய வேண்டுவது என்ன? தலையைத் தொடுமுன் கணக்கிடுவதே. 1865-ல் மாக்ஸ்வெல் அளித்த சமன்பாடுகள் புலம் எங்கும் எவ்வாறு பரவும் என்பதைச் சொல்லுகின்றன. ஆனால் மனிதத் தலை சீரான உருண்டை அன்று. மண்டையோடு மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். மூளையைச் சூழ்ந்த நீரோ சாம்பற்பொருளைவிட ஐந்தாறு மடங்கு எளிதாகக் கடத்தும். எனவே ஆராய்ச்சியாளர் நோயாளியின் படத்தையே எடுத்துக்கொண்டு, அத்தலையைப் பல இலட்சம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் கடத்துதிறனைக் கொடுத்து, கணிப்பொறியில் சமன்பாடுகளைத் தீர்க்கின்றனர். மின்காந்த அலைகளை இவ்வாறு வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடும் வழியை 1966-ல் கேன் யீ வகுத்தார். எங்கே தூண்டல் விழும், எங்கே சூடேறும், எங்கே சுருள் முறுகும் என்பவை கருவியைச் செய்வதற்கு முன்னரே தெரிந்துவிடுகின்றன.

கணக்கு மருத்துவத்துக்கு வழிகாட்டும் என்பது சென்னைக்குப் புதிதன்று. 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை வளர்த்த ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல திசைகளிலிருந்து எடுத்த நிழற்படங்களைக் கொண்டு உள்ளுருவை எளிதில் மீட்டமைக்கும் கணித முறை அது. எக்ஸ்-கதிர் ஸ்கேன் கருவிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. அதில் வரும் வடிகட்டியை உலகம் இன்றும் ராம்-லாக் என்று அவர்கள் பெயராலேயே அழைக்கிறது. ஒரு கருவியின் மின்காந்தப் புலம் மற்றொன்றைக் கெடுக்காதவாறு சோதிக்கும் பணியைச் சென்னைத் தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் செய்துவருகிறது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கணிப்பொறி தரும் விடை நாம் இட்ட எண்களைப் பொறுத்தது. ஒருவர் தலை மற்றொருவர் தலை போன்றதன்று. கடத்துதிறனின் அளவுகளிலும் வேறுபாடு உண்டு. ஆகவே கூழ் நிரப்பிய மாதிரித் தலையில் வெப்பத்தையும் புலத்தையும் அளந்து, கணக்குடன் ஒத்துப் பார்த்த பின்னரே மனிதரை அணுகுதல் முறை. கணக்கு தவறினால் இழப்பு கருவிக்கு மட்டும் அன்று. பேச்சையோ நடையையோ ஒரு மனிதர் இழக்க நேரிடும்.

கணிதம் பயிலும் மாணவர் உடற்கூற்றையும், மருத்துவம் பயிலும் மாணவர் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளையும் ஓரளவேனும் கற்றுக்கொள்வார்களானால், டாக்டர் கனகாவின் பணியும் ராமச்சந்திரனின் பணியும் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடம் உங்கள் கல்லூரியாகவும் இருக்கலாம்.