வகுப்பறைக் கதவும் அதிகார உறவும்: யப்பானியப் பாட ஆய்வு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஓர் ஆசிரியரின் வகுப்பறையில் இன்னோர் ஆசிரியர் அமர்ந்து கற்பித்தலை அவதானிப்பதனை வெறும் பயிற்சி நுட்பமாகக் கொள்வோர் பலர். எத்தகைய படிவம், எத்தனை நிமிடம் என்பனவே அவர்தம் வினாக்கள். வருபவர் யார், எவர் சார்பில் வருகின்றார் என்பதே அடிப்படை வினா என்பது எமது கருத்து.

இங்கிலாந்தில் றொபேட் லோ 1862இல் புகுத்திய திருத்தச் சட்டக்கோவை, வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் மாணவர் பெற்ற பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்கு நன்கொடை வழங்கியது. குடியேற்ற ஆட்சியின் கீழ் இலங்கையிலும் இம்முறை இடம்பெற்றது. வித்தியாதரிசி வகுப்பறைக்குள் நுழைந்தபோது ஆசிரியரது பிழைப்பும் பரீட்சைக்குள்ளானது. அச்சம் நிலவும் இடத்தில் குறையை மறைத்தலே விவேகமாகும். கற்றலுக்கு அங்கு இடமில்லை.

யப்பானின் அனுபவம் இதனின்றும் வேறுபட்டது, எனினும் முரண்பாடற்றதன்று. 1872இல் தோக்கியோவில் நிறுவப்பட்ட ஆசிரிய கலாசாலையில் அமெரிக்கரான மரியன் ஸ்கொற் வகுப்புமுறைக் கற்பித்தலை அறிமுகப்படுத்தினார். புதிய முறையைப் பரப்புதற்கு ஒருவர் கற்பிக்க ஏனையோர் அவதானித்து விமர்சிக்கும் வழக்கம் வளர்ந்தது. பிற்காலத்தில் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு, எனப்பட்டதன் வேர்களுள் இதுவும் ஒன்று. ஆயின் இது அரசின் தேவையிற் பிறந்தது. 1890ஆம் ஆண்டின் பேரரசக் கல்விப் பிரகடனத்தின் பின்னர், ஹேர்பாட் வழிவந்த பாடப் படிமுறைகள் வாய்பாடாக இறுகியபோது, விமர்சனமும் வாய்பாடு பேணப்பட்டதா எனச் சரிபார்க்கும் சடங்காகச் சுருங்கியது.

மாற்றுமரபு கீழிருந்து எழுந்தது. 1930களில் வறிய வடகிழக்குக் கிராமங்களின் ஆசிரியர்கள், தம் வாழ்வைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியவற்றைத் தொகுத்துத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். பயணஞ் செய்ய வசதியற்றோர் ஒருவர் வகுப்பறையை மற்றவர் கண்ட வழி அது. அவ்வெழுத்தில் வறுமை வெளிப்பட்டது. 1940 முதல் அவ்வாசிரியர் பலர் கைதாயினர்.

போருக்குப் பின் 1947இல் தோன்றிய யப்பானிய ஆசிரியர் சங்கம் 1951 முதல் தேசியக் கல்வி ஆய்வு மாநாடுகளை நடத்தியது. குன்மா மாகாணத்துக் கிராமமொன்றில் 1952இல் அதிபரான சாயித்தோ கிஹாக்கு, தம் பாடசாலையின் வகுப்புகளை வெளியாசிரியர்க்குத் திறந்துவிட்டார். சக ஆசிரியர் முன் வகுப்பறையைத் திறந்த இவ்வியக்கத்தின் காலத்திலேயே, 1957–58இல், மேலதிகாரி ஆசிரியர்க்குத் தரமிடும் திட்டத்தை அச்சங்கம் வன்மையாக எதிர்த்தது. இதில் முரண் எதுவுமில்லை. முன்னையது கூட்டுழைப்பு, பின்னையது கட்டுப்பாடு.

1999இல் ஸ்ரிக்லர், ஹீபேட் ஆகியோரின் நூல் பாட ஆய்வை அமெரிக்கரிடையே பரவலாக அறியச் செய்தது. அதன் படிமுறைகளை எந்நாடும் இரவல் பெறலாம். அவற்றைத் தாங்கிநின்ற ஆசிரியர் ஒன்றிணைவு சுற்றுநிருபத்தால் வருவதன்று. சம்பள உயர்வையோ இடமாற்றத்தையோ தீர்மானிக்கும் புள்ளித்தாளுடன் நுழைபவர், எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், வித்தியாதரிசியின் வாரிசே. புள்ளித்தாளை வெளியே வைத்துவிட்டு வருபவரிடமே ஆசிரியர் தம் ஐயங்களைத் திறந்து கூறுவார். அங்கிருந்தே தொழில்வளர்ச்சி தொடங்குகின்றது.