அம்மா அப்பாவுக்கு இல்லம் தேடுறீங்களா? ஓசூர் பக்கம் சேர்ப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை!

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூருக்குப் பல ஊர்களிலிருந்தும் வேலைக்கு வந்தார்கள். அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று ஷிப்ட் பார்த்து, லோன் போட்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த அந்தத் தலைமுறைக்கு இப்போது 65, 70 வயது. பிள்ளைகளோ தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறார்கள், இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு பக்கவாதம், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு என்று வந்துவிட்டால், "யார் பார்த்துக்கறது?" என்ற கேள்வி வீட்டில் சண்டையாகவே வெடிக்கிறது.

2021-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவிகிதம் என்பது மத்திய அரசின் கணிப்பு. இந்திய அளவில் இது சுமார் 10 சதவிகிதம்தான். அதனால் முதியோர் இல்லம் தேடுவது இனி யாரோ சில வீடுகளின் கதை இல்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, சரியான இடம்தானா என்று எப்படிப் பார்ப்பது? வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், என்ன உதவி தேவை?

இல்லம் தேடுவதற்கு முன் ஒரு பேப்பர் எடுங்க. குளிப்பது, உடை மாற்றுவது, டாய்லெட் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துவது, தானாகச் சாப்பிடுவது. இந்த ஆறையும் எழுதி, எதை அவரே செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று குறிச்சுக்கோங்க. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவர் குழுவும் 1963-ல் வெளியிட்ட அளவுகோல் இது. முதியோர் பராமரிப்பில் இன்றும் பயன்படுகிறது.

ஆறையும் அவரே செய்கிறார், தனிமைதான் பிரச்னை என்றால் இல்லமே தேவைப்படாமல் போகலாம். இரண்டு மூன்றில் உதவி தேவை என்றால், 'அசிஸ்டட் லிவிங்' என்று சொல்லப்படும் சிறிய இல்லம் பொருந்தும். எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், டியூப் வழியாக உணவு, படுக்கைப் புண் என்றால் 24 மணி நேரமும் நர்ஸ் இருக்கும் இடம்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ப்பதால்தான், ஆறு மாதம் கழித்து "எங்களால பார்க்க முடியலைங்க, கூட்டிட்டுப் போயிடுங்க" என்று போன் வருகிறது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கா?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சர்க்கரை மாத்திரைகள், பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி நிவாரணச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பாருங்க.

பகல் நேரம் மட்டும்தான் சிக்கல் என்றால், தமிழக அரசின் 'அன்புச்சோலை' பகல் நேரப் பராமரிப்பு மையங்களைக் கவனிக்கலாம். 2025-26 பட்ஜெட்டில் 25 மையங்கள் அறிவிக்கப்பட்டன. தொழில் மாவட்டங்கள் என்ற கணக்கில் கிருஷ்ணகிரிக்கும் ராணிப்பேட்டைக்கும் இடம் கிடைத்தது. காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்து வரலாம் என்பதால், வேலைக்குப் போகிறவர்களுக்குக் கைகொடுக்கும்.

இவை போதாது என்றால், அடுத்து இல்லம்.

சின்ன இல்லத்தின் பிளஸ், மைனஸ்

10, 15 பேர் தங்கும் சின்ன இல்லங்கள் பெரும்பாலும் லேஅவுட்டில் இருக்கும் ஒரு மாடி வீடுதான். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஒருவர் சாப்பிடவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். பெரிய இடங்களில் இது அவ்வளவு எளிதில் கிடைக்காது.

ஆனால் ஆட்கள் குறைவு. ஒரு அட்டெண்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் மாற்று யார்? கட்டடம் சொந்தமா, லீஸா? லீஸ் என்றால் எப்போது முடிகிறது? வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னால் 80 வயது அம்மா எங்கே போவார்? மாடியில் அறை என்றால் லிஃப்ட் இருக்கா? கரன்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கா? தீப்பிடித்தால் நடக்க முடியாதவரை எந்த வழியாகத் தூக்கி வருவார்கள்? இதைக் கேட்கும்போது ஓனர் முகம் சுளித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

'சி ஷிப்ட்' யார்?

ஷிப்ட் பற்றி ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இல்லத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியே, "சி ஷிப்ட்ல எத்தனை பேர் இருக்காங்க?" என்பதுதான். ராத்திரி பாத்ரூம் போக எழும்போதுதான் பலர் விழுகிறார்கள். மொத்தம் எத்தனை ஊழியர் என்று கேட்டால் பெரிய நம்பர் சொல்வார்கள். இரவு 2 மணிக்கு எத்தனை பேர், அவர்கள் விழித்திருக்கிறார்களா, தூங்குகிறார்களா, பயிற்சி பெற்ற நர்ஸ் உண்டா, கட்டிலுக்குப் பக்கத்தில் காலிங் பெல் உண்டா என்று பிரித்துக் கேளுங்க.

அடுத்த கேள்வி, "ராத்திரி நெஞ்சு வலின்னா என்ன செய்வீங்க?" எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட யார் போவார் என்று தெளிவான பதில் வர வேண்டும். ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சி.டி ஸ்கேன் எடுத்த பிறகுதான் அதையும் போட முடியும். ஓசூரில் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி பக்கம் என்றால் 2022-ல் திறக்கப்பட்ட போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தளி, அஞ்செட்டி பக்கம் 'இயற்கைச் சூழல், அமைதி' என்று விளம்பரம் செய்யும் இடமாக இருந்தால், அங்கிருந்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்த்துடுங்க.

மொழி, களி, குளிர்

இந்த எல்லைப் பகுதியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். அம்மாவின் தாய்மொழி தெலுங்காக இருக்கலாம், பராமரிப்பவர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். மறதி நோய் வந்தவர்களில் பலர், பின்னால் கற்ற மொழிகளை விட்டுச் சின்ன வயதில் பேசிய மொழிக்கே திரும்பிவிடுவார்கள். "வலிக்குது", "பாத்ரூம் போகணும்" என்று அவர் சொல்வது புரியாவிட்டால், 'அடம் பிடிக்கிறாங்க' என்று பெயர் வாங்குவதும் அவர்தான். பகல், இரவு இரண்டு ஷிப்டிலும் அவர் மொழி தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்க.

சாப்பாட்டையும் லேசாக விடாதீங்க. ஆயுசுக்கும் கேழ்வரகுக் களி சாப்பிட்டவருக்குத் தினமும் இட்லி, சப்பாத்தி இறங்காது. விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்கு எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுத்துடுங்க. மார்கழிக் குளிரில் சோலார் ஹீட்டர் மட்டும் போதாது. மேகமூட்டமான நாளில் வெந்நீருக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்க. ஆஸ்துமா இருந்தால், நெடுஞ்சாலையை ஒட்டியோ தொழிற்பேட்டைக்குள்ளேயோ இருக்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

சொல்லாமல் போய்ப் பாருங்க

முதல் முறை அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போங்க. இரண்டாவது முறை சொல்லாமல், மாலை 6 மணிக்கு மேல் போங்க. ஷிப்ட் மாறும் அந்த நேரத்தில்தான் இல்லத்தின் நிஜ முகம் தெரியும். உள்ளே நுழைந்ததும் சிறுநீர் வாடை அடிக்கிறதா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? பாத்ரூமில் பிடிமானக் கம்பி இருக்கிறதா? எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது பொதுவான நடைமுறை. அதைக் குறித்து வைக்கும் சார்ட்டையும், மாத்திரை கொடுத்த நேரம் எழுதிய சார்ட்டையும் காட்டச் சொல்லுங்க. யாரையாவது நாற்காலியிலோ கட்டிலிலோ துணியால் கட்டி வைத்திருந்தால், அத்துடன் திரும்பி வந்துடுங்க.

எல்லைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

ஓசூரில் பார்ப்பதா, அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கம் பார்ப்பதா என்ற குழப்பம் இங்கே பலருக்கு உண்டு. தூரம் என்னவோ சில கிலோமீட்டர்தான். ஆனால் மாநிலம் மாறினால் விதிகளும் மாறும். தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் தெரியும். கர்நாடகாவில் இதைப் பார்ப்பது மாற்றுத்திறனாளிகள் மற்றும் மூத்த குடிமக்கள் நலத் துறை. 'டிரஸ்ட் பதிவு' என்று ஒரு பேப்பரை நீட்டினால், அது இல்லத்தின் பதிவு ஆகிவிடாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இல்லத்தினர் வழக்கமாகக் கொண்டுபோகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்க. முதியோர் உதவித்தொகை, ரேஷன் ஆகியவை தமிழ்நாட்டு முகவரியோடு இணைந்தவை என்பதால், முகவரி மாற்றும் முன் யோசிங்க. பென்ஷன் வாங்குபவர் என்றால், வருடத்துக்கு ஒருமுறை தரும் உயிர்வாழ் சான்றிதழை 'ஜீவன் பிரமான்' மூலம் போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம்.

பணம்: மாதக் கட்டணம் மட்டும் கணக்கு இல்லை

மாதக் கட்டணத்துக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்க. டயப்பர், பிசியோ, ஆக்சிஜன், ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் அட்டெண்டர் எல்லாம் பல இடங்களில் தனி. ஒரு டயப்பர் 40 ரூபாய், நாளுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,600 ரூபாய் கூடும். ஜி.எஸ்.டி. உண்டா என்றும் கேளுங்க. வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற தொண்டு நிறுவனம், 60 வயதைக் கடந்தவரிடம் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

அட்வான்ஸ் எவ்வளவு, இடையில் வெளியேறினாலோ இறந்துவிட்டாலோ எத்தனை நாளில் திரும்பும், வருடத்துக்கு எவ்வளவு கட்டணம் ஏறும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம். இல்லம் கர்நாடகாவில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. உதவி எண் 1915.

வீட்டை எழுதிக் கொடுக்காதீங்க!

"ஆயுசுக்கும் நாங்க பார்த்துக்கறோம், வீட்டை எழுதிக் கொடுத்துடுங்க" என்று இல்லம் கேட்டாலும் சரி, கூடப் பிறந்தவர் கேட்டாலும் சரி, அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவுப்படி, 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்து செய்ய முடியும். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே எழுதியே ஆக வேண்டும் என்றால், அந்த வரி பத்திரத்திலேயே இருக்கட்டும்.

இதே சட்டப்படி, பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனு கொடுக்கலாம். இங்கே ஓசூர், கிருஷ்ணகிரி என இரண்டு கோட்டங்கள். பெற்றோரை எங்காவது கொண்டுபோய்க் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. சேர்த்துவிட்டுப் பணமும் கட்டாமல், போனும் எடுக்காமல் போனால் கதை வேறு. கொடுமை, கைவிடுதல், சட்ட உதவி என எதற்கும் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

அவங்களைக் கேட்டீங்களா?

அண்ணன், தங்கை, மாப்பிள்ளை எல்லோரும் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி முடிவெடுத்துவிட்டு, கடைசியில் அம்மாவிடம் "ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்மா" என்று பொய் சொல்லி அழைத்துப்போவது நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சுயநினைவோடு இருக்கும் ஒருவர் எங்கே வாழ்வது என்பது அவர் முடிவு. இரண்டு மூன்று இடங்களை நேரில் காட்டுங்க. பிடித்த இடத்தில் 15 நாள் தங்கிப் பார்க்க முடியுமா என்று கேளுங்க, அந்த 15 நாளும் அவர் படுக்கை வீட்டில் அப்படியே இருக்கட்டும். தங்கியவர் "வேணாம்ப்பா" என்றால் காரணத்தைக் கேளுங்க. சாப்பாடாகவோ, பக்கத்துக் கட்டில்காரராகவோ இருந்தால் சரி செய்யலாம். கேட்டதும் பேச்சை மாற்றுகிறார், ஊழியர் எதிரில் பேசவே தயங்குகிறார் என்றால் வீட்டுக்கு அழைத்து வந்து பொறுமையாகப் பேசுங்க.

சேர்த்த பிறகு, எந்தக் கிழமை யார் போவது என்று கூடப் பிறந்தவர்களோடு இப்போதே பிரித்துக்கோங்க. திங்கள் காலையும் வெள்ளி மாலையும் அத்திப்பள்ளி டிராஃபிக் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நீங்கள் ஆபீஸ் போய்வரும் வழியிலேயே இருக்கும் இடமா என்று பாருங்க. அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் முதியவரின் காயமும் மெலிவும் சீக்கிரம் கண்ணில் படும். அப்படிக் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்று இல்லத்துக்கும் தெரிந்திருக்கணும்.