‘மருந்து’ குடித்தவர்களின் கணக்கு

எங்கள் கிராமங்களில் பீடைநாசினிக்கு ‘மருந்து’ என்றே பெயர். பயிருக்கு மருந்தடிப்பார்கள். வீட்டில் சச்சரவு மூண்டால் அதே மருந்தைக் குடித்தும் விடுவார்கள். பிரதேசச் செய்தியாளர்கள் அனுப்பும் இத்தகைய மரணச் செய்திகளைப் பல்லாண்டுகள் படித்தவன் நான். காதல் தோல்வி, கடன், கணவனின் குடி என ஏதாவதொரு காரணம் அவற்றில் தவறாமல் இருக்கும். குடித்தது எந்த மருந்து என்பது அநேகமாக இராது.

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. 1950ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டு மடங்கு. வறுமை, இளைஞர் விரக்தி, போர் என்று விளக்கங்கள் பல கூறப்பட்டன. அவை பொய்யல்ல. ஆயினும் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் வறுமையை ஒழித்துவிட முடியாது. ஒரு நஞ்சைச் சந்தையிலிருந்து அகற்ற முடியும்.

அதற்கான அதிகாரத்தை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிப் பதிவாளருக்கு வழங்கியது. 1984இல் பரதியனும் மெதைல் பரதியனும் தடைசெய்யப்பட்டன. 1995இல் மொனோகுறொட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவையும் விலக்கப்பட, விவசாயிகள் என்டோசல்பானுக்கு மாறினர். அதனால் நேர்ந்த மரணங்கள் பெருகுவதை வைத்தியசாலைப் பதிவேடுகள் காட்டின. 1998இல் அதுவும் தடைக்குள்ளாயிற்று.

டேவிட் கனல், மைக்கேல் எடில்ஸ்டன் முதலிய ஆய்வாளர்கள் இலங்கையருடன் இணைந்து 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, 2005இல் வீதம் 24 ஆகக் குறைந்திருந்தது. 1986–1995 காலத்தைவிட 1996–2005 காலத்தில் 19,769 மரணங்கள் குறைவு. வேலையின்மை, மதுப் பழக்கம், விவாகரத்து, போர் நிகழ்ந்த ஆண்டுகள் ஆகியவற்றோடும் ஒப்பிட்டார்கள். எதுவும் இவ்வீழ்ச்சியை விளக்கவில்லை. (போர்க்கால வடக்கின் புள்ளிவிபரங்கள் முழுமையானவை அல்ல என்பதை இங்கு சொல்லியாக வேண்டும்.)

என்னை வியக்கவைத்தது வேறொன்று. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை அவ்வாறு குறையவில்லை. வந்தவர்களில் இறந்தோரே குறைந்தனர். பலர் சில நிமிட ஆத்திரத்தில் குடித்தவர்கள். கைக்கெட்டியது கொடிய நஞ்சாக இராவிட்டால் உயிர் தப்பினார்கள். எங்கள் செய்திகளில் இடம்பெறாத அந்த மருந்தின் பெயரே அவர்கள் வாழ்வதா இறப்பதா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நச்சுத்தன்மை வகுப்புகள் எலிகளில் செய்த சோதனையை அடிப்படையாகக் கொண்டவை. மனிதருக்கு அது பொருந்துமா? அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளில் 2002 முதல் 2008 வரை 9,302 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்தார்கள். ஒரே வகுப்பிலுள்ள மருந்துகளுக்கிடையிலும் இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டது. 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்று மருந்துகள் கட்டங்கட்டமாக நீக்கப்பட்டன. விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். முந்திய தடைகளுக்குப் பின் நெல் விளைச்சல் விழவில்லை என்பதை அப்போதைய பதிவாளர் காமினி மனுவீரவும் பிறரும் 2008இல் எண்களால் காட்டியிருந்தார்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் கணக்கு உண்டு. மருந்துப் போத்தல்களைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் என்ன என்று அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பரீட்சித்தார்கள். பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி, மீதிக்கு இல்லை. பயனில்லை என்பது 2017இல் வெளியான முடிவு. 1995 முதல் 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் தடைகள் காத்த உயிர்களோ ஏறத்தாழ 93,000 என மதிப்பிடப்பட்டுள்ளது.

பின்னைய ஆண்டுகளில் வேறொரு வரிசை நீண்டது. குளிசைகளை அளவுக்கு மீறி விழுங்கி வைத்தியசாலைக்கு வருவோர் அதிகரித்தனர். பிரித்தானியா 1998இல் பரசிட்டமோல் பெட்டியொன்றில் இருக்கக்கூடிய குளிசைகளைக் கடைகளில் 16, மருந்தகங்களில் 32 எனக் குறைத்தது. அடுத்த பதினொரு ஆண்டுகளில் சுமார் 765 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் கீத் ஹோட்டன் குழுவினர் 2013இல் கணக்கிட்டனர்.