இறங்குதலும் கரையேறுதலும்: கிள்ளான் துறைமுகத்தில் தமிழரின் பெட்டி படுக்கை

பந்திங்கிலிருந்து வடக்கே சென்றால் கேரித் தீவையும் அதற்கு அப்பால் புலாவ் இண்டாவையும் காணலாம். புலாவ் இண்டாவில் சுற்றுலாக் கப்பல்களுக்கென ஒரு முனையம் இருக்கிறது. இத்தகைய கப்பல்களில் பயணம் முடியும் நாளுக்கு முந்திய இரவே பயணிகள் தம் பெட்டிகளை அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். பெட்டியின் கைப்பிடியில் நிறச்சீட்டு ஒன்று தொங்கும். மறுநாள் காலை அந்த நிறத்தை அழைக்கும்போது வெறுங்கையோடு இறங்கி, முனையக் கூடத்தில் வரிசையாக நிற்கும் பெட்டிகளுள் தம்முடையதை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்கிறார்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதே நீர்வழியில், இதே கிள்ளான் கழிமுகத்தில், நம் முன்னோரும் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் இறங்கி முடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதே இன்றைய உரையின் பொருள். நான் வரலாற்றாசிரியன் அல்லன், மொழியியல் படித்தவன். ஆகவே சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

கப்பல் பயணத்தின் முடிவைச் சொல்லத் தமிழில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வினைகள் உள்ளன. கப்பலைவிட்டு இறங்குகிறோம், கரை ஏறுகிறோம். இரண்டும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன என்று தோன்றும். ஆனால் பார்வை நிற்கும் இடம் வேறு. 'கரையேறு' என்பது நீரில் நிற்பவனின் சொல். தோணியிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் குதித்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடப்பவனுக்குக் கரை உயரத்தில்தான் இருக்கிறது. நீராவிக் கப்பல் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. அதன் தளம் துறைமேடையைவிட உயரமானது. பயணி ஏணிப்படி வழியாகக் கீழே வருகிறான். அப்போது 'இறங்கு' என்னும் வினையே பேச்சில் மேலோங்கியது என்று கருதுகிறேன். 'கரையேறு' வழக்கொழியவில்லை. அது ஏற்கெனவே வேறொரு பொருளையும் ஏற்றிருந்தது. துன்பத்திலிருந்து மீள்வது, பிறவியிலிருந்து விடுபடுவது, கடனிலிருந்து தலைதூக்குவது ஆகிய எல்லாமே கரையேறுதல்தான். பெண்பிள்ளையை மணமுடித்துக் கொடுப்பவர் அவளைக் கரையேற்றுகிறார்.

கோல லங்காட் வட்டாரத்துத் தோட்டங்களில் முதியவர்களோடு பேசியபோது இந்த வேறுபாட்டைப் பலமுறை செவியுற்றிருக்கிறேன். உடல் கப்பலைவிட்டு வந்ததைச் சொல்லும்போது "இறங்கினோம்" என்பார்கள். "கரையேறினோம்" என்பதை அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார்கள்.

கப்பலிலிருந்து பொருள் இறங்குவதைப் பற்றி நம் இலக்கியத்தில் மிகப் பழைய, மிக விரிவான செய்தி பட்டினப்பாலையில் கிடைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் நீரிலிருந்து நிலத்துக்கு ஏறும் பொருள்களும் நிலத்திலிருந்து நீருக்குப் போகும் பொருள்களும் குவிந்து கிடக்கின்றன. சோழனின் புலிமுத்திரை இடப்பட்ட பின்னரே அவை நகர்கின்றன. அங்குத் திரட்டப்படும் வரிக்கு 'உல்கு' என்று பெயர். பின்னாளில் 'சுங்கம்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதை நீக்கிய முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் பெற்றான். மாணவர்களுக்கு இப்பகுதியைக் கற்பிக்கும்போது நாம் பொருள்களின் பட்டியலோடு நின்றுவிடுகிறோம். முத்திரை எதற்கு என்னும் வினாவையும் எழுப்பலாம். முத்திரை இடப்பட்டது உரிமையாளர் அறியப்பட்ட பொருள், எண்ணப்பட்ட பொருள், இனி உள்ளே செல்ல அரசு இசைவு தந்த பொருள். 20ஆம் நூற்றாண்டில் மனிதர்களே இவ்வாறு எண்ணப்பட்டு உள்ளே விடப்பட்டார்கள். அதற்கு வருவோம்.

அதற்கு முன், நமக்கு முன்பே இங்கு இறங்கிவிட்ட சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய் மொழியில் கப்பலுக்குக் 'காப்பால்' என்று பெயர். நம் 'கப்பல்' அது. பெட்டிக்குப் 'பெத்தி', நம் 'பெட்டி'. சரக்குக் கிடங்குக்குக் 'குடாங்'. நம் 'கிடங்கு', 'கிட்டங்கி' ஆகியவற்றின் உறவுச் சொல். கடை 'கெடாய்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. வணிகர்களோடு வந்த இச்சொற்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலாய் இலக்கணத்துக்கு அடங்கிக் குடியுரிமை பெற்றுவிட்டன. இன்று பெத்தி என்று சொல்லும் மலாய்ச் சிறுவனுக்கு அது வெளியூர்ச் சொல் என்ற நினைவே இல்லை. கப்பலும் பெட்டியும் கிடங்கும் எந்தத் தடையுமின்றிக் கரையேறிய அதே நாட்டில், அந்தப் பெட்டியைத் தூக்கிவந்த மனிதனுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரை அது தாங்கியது. 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. சதுப்பைத் திருத்திக் கட்டிய துறைமுகம் அது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி நீரை வெளியேற்றி அதைக் கட்டுப்படுத்தினார். கொசு ஒழிப்பின் வரலாற்றில் இந்தத் துறைமுகத்துக்கு ஓர் இடம் உண்டு. அந்த வடிகால்களை வெட்டியவர்கள் யார் என்று அவ்வரலாறுகள் பெயர் சொல்வதில்லை.

தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முறை அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் அந்நிதிக்குப் பணம் கட்ட, அதிலிருந்து கப்பற்கட்டணமும் வழிச்செலவும் கொடுக்கப்பட்டன. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கான ஆள்சேர்ப்பு நின்றது. கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் போய் ஆள் திரட்டி, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமுக்கு அழைத்து வருவார். 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இது நீடித்தது.

அந்தப் பயணிகள் என்ன கொண்டு வந்தார்கள்? இங்கேதான் தமிழின் இணைமொழிகள் துணைக்கு வருகின்றன. 'பெட்டி படுக்கை' என்கிறோம். 'மூட்டை முடிச்சு' என்கிறோம். அகராதியில் இரண்டும் பயணச் சாமான்களே. வழக்கில் இரண்டுக்கும் இடையே ஒரு வர்க்கமே நிற்கிறது. பெட்டி பூட்டக்கூடியது, பூட்டுவதற்கு உரிய ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. மூட்டையோ முடிந்து வைப்பது. கிராணி வேலைக்கு வந்தவரும், ஆசிரியர் வேலைக்கு வந்தவரும், செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர வந்த இளைஞரும் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டும் கொண்டு வந்தார்கள். கங்காணியோடு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டை முடிச்சுதான்: ஒரு பாய், மாற்றுத்துணி, ஒரு செம்பு, சமைக்க ஒரு பாத்திரம், ஊர்ச்சாமியின் திருநீறு. 'பெட்டி படுக்கையைக் கட்டு' என்று ஒருவரை விரட்டுகிறோமே, அப்படி விரட்டப்படுவதற்குக்கூட முதலில் பெட்டி வேண்டும்.

1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பலை இங்குள்ள மூத்தோர் பலர் அறிவார்கள். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துக்கு உரிய அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறை இல்லாதவர். பாய் விரித்த இடமே அவருக்கு அறை, தலைமாட்டில் வைத்த மூட்டையே சுவர். ஆகவே இறங்கும் நாள் வரும்போது அவர் தம் சாமானைக் கதவுக்கு வெளியே வைப்பதற்கு இல்லை. அவருக்குக் கதவே கிடையாது.

கப்பல் நின்றதும் இரண்டு வரிசைகள் உருவாயின. அறைப் பயணிகள் மருத்துவ அதிகாரியின் பார்வைக்குப் பின் தம் பெட்டிகளோடு ஊருக்குள் போனார்கள். தளப் பயணிகள் தனிமைப்படுத்தும் முகாமுக்குப் போனார்கள். பினாங்கில் இறங்குவோருக்கு ஜெரஜாக் தீவு. இங்கு இறங்குவோருக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாம். சிங்கப்பூரில் செயின்ட் ஜான் தீவு. அம்மையும் வாந்திபேதியும் பரவிய காலம் அது; தடுப்பு தேவையில்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் நோய்க்கிருமி பயணச்சீட்டின் விலையைப் பார்த்து ஏறுவதில்லை. ஒரே கப்பலில், ஒரே காற்றைச் சுவாசித்து வந்தவர்களுள் யார் ஐயத்துக்கு உரியவர் என்பதைக் கட்டணமே முடிவு செய்தது. இலங்கைக்குச் சென்ற தமிழருக்கு இந்தச் சடங்கு கடலைக் கடக்கும் முன்பே மண்டபம் முகாமில் நடந்தது. மலாயாவுக்கு வந்தவரோ புறப்படும் இடத்திலும் முகாமில் இருந்து, இறங்கிய இடத்திலும் முகாமில் இருந்தார். சாமான்கள் அவிழ்க்கப்பட்டன, துணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. பத்திரமாக முடிந்து வந்ததெல்லாம் அந்நியர் கண்முன்னே விரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தாயின் மனநிலையை எந்தப் பதிவேடும் குறிக்கவில்லை.

கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். 'அம்மை குத்துதல்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். முத்திரை குத்துதலும் அதே வினைதான். புலிமுத்திரையைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் தழும்புதான் நினைவுக்கு வருகிறது.

முகாமைவிட்டு வெளியேறும் நாளில் தோட்டத்துக் கிராணியோ கங்காணியோ வந்து தலை எண்ணி அழைத்துப் போவார். புகைவண்டியில் கிள்ளானுக்கு, அங்கிருந்து மாட்டுவண்டி, பிற்காலத்தில் லாரி. பந்திங் பக்கம் வருவோர் தெற்கு நோக்கிச் செம்மண் பாதையில் வந்தார்கள். கேரித் தீவுத் தோட்டங்களுக்கு என்று எண்ணப்பட்டவர்கள் லங்காட் ஆற்றங்கரையில் மறுபடியும் நிறுத்தப்பட்டார்கள். அப்போது பாலம் கிடையாது. மூட்டை முடிச்சோடு இன்னொரு படகு, இன்னொரு இறக்கம். கடலைத் தாண்டியாயிற்று என்று நம்பியவருக்கு மீண்டும் நடுவில் தண்ணீர். அந்தத் தீவின் பெயர் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் தோட்டத்துரையின் பெயர். இறங்கிய துறைமுகத்துக்கும் ஒரு துரையின் பெயர், போய்ச் சேர்ந்த தீவுக்கும் ஒரு துரையின் பெயர். இரண்டையும் உச்சரிக்கத் தமிழ் நாக்கு பட்டபாடு தனி ஆய்வுக்கு உரியது.

எதிர்த்திசையிலும் கப்பல்கள் நிரம்பியே ஓடின. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இங்கேயே பிறந்து, பால்மரத்தைத் தவிர வேறு எதையும் அறியாத பலரும் அப்போது சீட்டில்லாமல் நின்றார்கள். ரஜுலாவிலும் 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' கப்பலிலும் அவர்கள் ஏறினார்கள். இப்போது அவர்களிடம் பெட்டி இருந்தது. போர்வை, டார்ச் விளக்கு, கோடாலித் தைலம், சிலரிடம் ஒரு தையல் இயந்திரம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட, படகில் இறக்கிச் சுங்கச் சாவடியில் பெட்டிகளைத் திறந்தார்கள். மூட்டையோடு இறங்கிய தலைமுறை பெட்டியோடு ஏறியது என்று இதை முன்னேற்றமாக எழுதுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது ஆண்டு உழைப்பு ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது என்பதுதான் அக்காட்சி சொல்வது.

ரஜுலாவுக்குப் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டனர். அதன்பின் அது பயணிகளை ஏற்றவில்லை. அத்துடன் தமிழகத்துக்கும் நமக்கும் இடையே இருந்த கப்பல் வழி முடிந்தது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் மாணவர்களுள் சிலர் வீட்டில் இன்னும் அந்த டிரங்குப் பெட்டி இருக்கலாம். அரிசியோ பழைய புடவையோ போட்டு வைத்திருப்பார்கள். பலரும் துருப்பிடித்தது என்று பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்குள் அதன் மூடியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வண்ணத்தில் பெயர், தந்தை பெயர், ஊர், இறங்கும் துறைமுகம் என்று எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதவருக்காக வேறொருவர் எழுதிக் கொடுத்த அந்த நான்கு வரிகளே சில குடும்பங்களுக்குத் தமிழில் உள்ள முதல் ஆவணம். கப்பல் நிறுவனத்தின் பதிவேட்டில் ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன பெயர்கள் அங்கே தமிழில் சரியாக நிற்கின்றன. சிதைந்தது துறைமுகத்தின் பெயர்தான்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் என் பாட்டனார் பெயரும் ஊரும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாம் வரியில் 'சுவட்டனாம்' என்று இருக்கிறது. எழுதியவர் அதற்குமேல் எதையோ எழுதத் தொடங்கி, ஒரே எழுத்தோடு நிறுத்தியிருக்கிறார். அது 'த' என்று என் தந்தையார் சொல்வார். தோட்டத்தின் பெயர் அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை.