கைப்பேசி வெளிச்சமும் நடுக்குப்பத்து நெருப்பும்

2017 ஜனவரி மெரினா எழுச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஜனவரி 17 இரவு கடற்கரை விளக்குகள் அணைக்கப்பட்டன. கூடியிருந்தவர்கள் கைப்பேசி விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். இருட்டில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரலாறு எந்தப் படத்திலிருந்து தன்னைச் சொல்லத் தொடங்குகிறது என்பதிலேயே அதன் அரசியல் அடங்கியிருக்கிறது. இங்கிருந்து தொடங்கினால் கைப்பேசிதான் கதாநாயகன். 'வாட்ஸ்அப்புல கூப்பிட்டோம், வந்துட்டாங்க' என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. ஆறு நாள் தள்ளி, 23ஆம் தேதி எரிந்துபோன நடுக்குப்பம் மீன் சந்தையிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்?

இணையம் ஒன்றையும் சாதிக்கவில்லை என்பது என் கட்சி அல்ல. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 ஜனவரி 8 அன்று முகநூல் அழைப்பை மட்டும் நம்பி இளைஞர்கள் மெரினாவில் திரண்டார்கள். 16ஆம் தேதி அலங்காநல்லூரில் உட்கார்ந்தவர்களை மறுநாள் காலை போலீஸ் அள்ளிக்கொண்டு போக, அன்றைக்கே விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே கூட்டம் சேர்ந்துவிட்டது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட நெருப்பு மாநிலம் முழுக்கப் பரவ கல்லூரி விடுதிகள் வேண்டியிருந்தன, மாணவர் தலைவர்கள் வேண்டியிருந்தார்கள், பின்னால் ஒரு கட்சியின் பேச்சும் பத்திரிகையும் வேண்டியிருந்தன. 2017இல் இந்த இடைநிலை அமைப்புகளையெல்லாம் தாண்டிக் குதிக்க முடிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு எங்கே, சோற்றுப் பொட்டலம் எங்கே என்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் தேடித் தேடிப் பழகிய கைகள்தான் இவை. அந்த வெள்ளத்திலும் படகைக் கொண்டுவந்தவர்கள் மீனவர்கள் என்பதை இப்போதைக்குக் குறித்து வைத்துக்கொள்வோம்.

தாண்டிக் குதித்ததன் விலை கடைசி மூன்று நாளில் தெரிந்தது. 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. ஏற்பதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை உட்காருவதா? முடிவெடுக்கும் அவை ஒன்று கடற்கரையில் இல்லை. தமிழில் கும்பலுக்கும் கூட்டம்தான், கூடிப் பேசித் தீர்மானிக்கிற அமர்வுக்கும் கூட்டம்தான். மெரினாவில் முதல் பொருளில் கூட்டம் நடந்துகொண்டே இருந்தது, இரண்டாவது பொருளில் நடக்கவில்லை. தலைவர் இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கவில்லை, திரையில் அதிகம் பேர் பார்க்கிற முகம் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. 22ஆம் தேதி ஹிப்ஹாப் ஆதி ஒரு காணொளியில், போராட்டம் திசைமாறிவிட்டது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவரை யாரும் திருப்பியழைக்கவும் முடியாது. அந்த வார்த்தைகள் 23ஆம் தேதி விடியலில் வந்த லத்திகளுக்கு வசதியாகிப்போயின.

அடி விழுந்ததும் ஓட்டம் இரண்டு பக்கம் பிரிந்தது. கடலை நோக்கி ஓடியவர்களுக்கு மீனவர்கள் தண்ணீரும் உணவும் கொண்டுபோனார்கள். குப்பத்துச் சந்துகளுக்குள் ஓடியவர்களைப் பெண்கள் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். யார் பிள்ளைகள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. எரித்தது போலீஸ் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். சீருடையில் இருப்பவர்கள் வண்டிகளுக்குத் தீ வைக்கும் காட்சிகள் அன்றைக்கே கைக்குக் கை போயின. கைப்பேசி செய்த உருப்படியான வேலை இதுதான் என்பேன். கூப்பிட்டதைவிட சாட்சி சொன்னது பெரிது.

அந்தக் கதவைத் திறந்தது எது? எந்தக் குழுவிலும் எந்த அழைப்பும் போகவில்லை. மெரினாவின் குப்பங்களுக்குப் போலீஸ் புதிதல்ல. 1985இல் கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று எம்.ஜி.ஆர் அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனபோது எதிர்த்து நின்ற மீனவர்களைச் சுட்டார்கள், உயிர்கள் போயின. லத்தியைக் கண்டதும் என்ன செய்யவேண்டும் என்பது அந்தத் தெருக்களில் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குக் கைமாறிவந்த அறிவு. பகிர்தல் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரையில் பகிர்ந்தால் எதுவும் குறையாது, கூடும். பானையில் இருக்கிற தண்ணீரைப் பகிர்ந்தால் பானை காலியாகும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டோம்.

அடித்தளம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சொல்லில் இந்தச் சிக்கல் தொடர்ந்து இருந்துவருகிறது. 2011இல் இடிந்தகரையில் லூர்து மாதா ஆலய முற்றத்துப் பந்தலில் மீனவப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு போட்டார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் வைத்து அடித்தார்கள். அப்போதும் முகநூல் இருந்தது, சென்னையில் கைகளில் கைப்பேசியும் இருந்தது. மெரினா நிரம்பவில்லை. காளைக்கு நிரம்பியது. ஏனென்றால் காளை 'தமிழன்' என்ற ஒற்றை அடையாளத்துக்குள் சுலபமாகப் பொருந்துகிற படம். காளை யாருடையது, வாடிவாசலில் முதல் மரியாதை எந்தச் சாதிக்கு, தொழுவத்துச் சாணி யார் கையில் என்ற கேள்விகளைத் தலித் எழுத்தாளர்கள் அப்போதே எழுப்பினார்கள். முகப்புப் படமாக வைத்த காளையில் அவை எதுவும் தெரியாது. படம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு வேகமாக ஓடும். மீன் கூடையை வைத்து அப்படி ஒரு முகப்புப் படம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அரசு நம்மைவிடக் கவனமாக மெரினாவைப் படித்தது. மணலில் இனி யாரையும் உட்காரவிடுவதில்லை என்பது அது கற்ற முதல் பாடம். அடுத்த பாடத்தைத் தூத்துக்குடியில் பார்த்தோம். அ.குமரெட்டியாபுரத்து மக்கள் ஸ்டெர்லைட்டை எதிர்த்து 2018 பிப்ரவரியில் உட்கார்ந்தது தங்கள் ஊர் மரத்தடியில். அவர்களைக் கூட்டி உட்காரவைக்க இணையம் தேவைப்படவில்லை, நடந்ததை வெளியே சொல்லத்தான் தேவைப்பட்டது. நூறாவது நாள், மே 22, துப்பாக்கிச்சூடு. அதிலும் அடுத்த நாளுமாக 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்கினார்கள். வதந்தியைத் தடுக்க என்றார்கள். சாவுவீட்டிலிருந்து ஒரு படம்கூட வெளியே போகக்கூடாது என்பது அதற்கு அர்த்தம்.

2023 மே 18 அன்று ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அன்று மாலை என் கைப்பேசி முழுக்கக் காளைகள். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளைப் புள்ளிகளும் திரும்ப வந்திருந்தன. இரவு வெகுநேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எரிந்த சந்தையின் படம் ஒன்றுகூட வரவில்லை.