அழகுப்பொருள் உரிமம், மருத்துவர் குரல்: பற்பசை விளம்பரத்தில் அறிவியல் நுழைந்த வழி

சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 2022 ஏப்ரலில் உருவானது திருப்பதி மாவட்டம். அதன் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இருக்கிறது. கோல்கேட் நிறுவனத்தின் டூத்பிரஷ் ஆலை அங்கேதான் உள்ளது. பிரஷ் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்துத் தமிழருக்கு வேப்பங்குச்சி, தெலுங்கருக்கு வேப்ப புல்ல. இரண்டுக்கும் ஆராய்ச்சிச் சான்று யாரும் கேட்டதில்லை. பேஸ்டுக்கு மட்டும் அந்தச் சான்று எப்படித் தேவைப்பட்டது, அதை யார் தயாரித்தார்கள் என்பதே இங்கு என் கேள்வி.

முதலில் சட்டம். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் அழகுப்பொருள்கள் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கொண்டுவரப்பட்டன. உடலைச் சுத்தம் செய்யவும் அழகுபடுத்தவும் பூசுவது, தேய்ப்பது, தெளிப்பது எல்லாம் அழகுப்பொருள். நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ தருவது மருந்து. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலான பேஸ்டுகள் முதல் வகையில் நிற்கின்றன. அமெரிக்காவில் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் மருந்துச்சீட்டில்லாமல் விற்கப்படும் மருந்தாகவே கருதப்படுகிறது. இங்கே ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு உண்டு. ஆனால் பொருளின் பெயர் அழகுப்பொருள்தான். உரிமம் பவுடர், குங்குமத்தோடு ஒரே வரிசையில் வாங்கப்படுகிறது. விளம்பரம் மட்டும் வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது.

அந்தக் கோட்டைத் தைத்ததில் ஃபுளோரைடுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் சில ஊர்களில் மட்டும் பற்கள் பழுப்பேறுவது ஏன் என்று பல்மருத்துவர் ஃப்ரெடரிக் மெக்கே பல ஆண்டுகள் தேடினார். 1931-ல் விடை கிடைத்த இடம் ஒரு நிறுவனத்தின் ஆய்வகம். தங்கள் அலுமினியத்தின் மேல் பழி விழுமோ என்ற கவலையில் ஆல்கோவின் வேதியியலாளர் சர்ச்சில் தண்ணீரைச் சோதிக்க, அதில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது தெரிந்தது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த சோதனை. கிடைத்த உண்மை உண்மைதான். நிறுவனப் பணம் பட்டதாலேயே ஒரு ஆய்வு பொய்யாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆறே ஆண்டுகளில் அதே பொருள் நம் பக்கம் வேறு முகம் காட்டியது. சென்னை கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், சென்னை மாகாணத்தில் பரவியிருந்த ஃபுளோரைடு நோயைப் பற்றி 1937-ல் எழுதினார்கள். களம் அன்றைய நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்கள். அவை பின்னாளில் பிரகாசம் மாவட்டத்தில் சேர்ந்தவை. கிணற்று நீரைக் குடித்தவர்களின் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போயிருந்தன. செலவு அரசுடையது, விற்பதற்கு எதுவும் இல்லை. பணம் கொடுப்பவர் விடையைத் திருத்துவது அபூர்வம் என்றே நினைக்கிறேன். எந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதைத்தான் அவர் முடிவு செய்கிறார். முடங்கிய முதுகைப் பற்றிய கேள்வி எந்த பேஸ்ட் கம்பெனியின் ஆய்வகத்திலும் பிறந்திருக்காது.

கம்பெனிக் கேள்வி பிறந்த இடம் இந்தியானா பல்கலைக்கழகம். அங்கே ஜோசப் மூலர் குழு ஸ்டானஸ் ஃபுளோரைடை ஆராய்ந்தது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் பணம் தந்தது. 1955-ல் க்ரெஸ்ட் பேஸ்ட் சந்தைக்கு வந்தது. 1960-ல் அமெரிக்கப் பல்மருத்துவர் சங்கம் அதை அங்கீகரித்ததும் விற்பனை எகிறியது. சொத்தையும் உண்மையிலேயே குறைந்தது. ஒரு சங்கத்தின் முத்திரைக்கு எவ்வளவு விலைமதிப்பு என்பதை எல்லா நிறுவனங்களும் அன்று கற்றுக்கொண்டன. இந்தியாவில் 2004-ல் கோல்கேட்டும் இந்தியப் பல்மருத்துவர் சங்கமும் சேர்ந்து வாய்நல மாதம் தொடங்கியது அந்த வழியில்தான். இலவசப் பரிசோதனை நல்லதுதான். கூடவே பெயரும் மனத்தில் பதிகிறது.

சொத்தை விஷயத்தில் சர்க்கரைத் தரப்பு இதைவிடத் தந்திரமாக நடந்துகொண்டது. சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொல்லாத ஆய்வுகளின் பக்கம் அமெரிக்கப் பல் ஆய்வு நிறுவனத்தை அது திருப்பியது. 1971-ல் அந்த அரசு நிறுவனம் வெளியிட்ட ஆய்வுத் திட்டத்தில், சர்க்கரைத் தொழில் கொடுத்த அறிக்கையின் 78 விழுக்காடு இடம்பெற்றிருந்தது என்று பழைய கடிதக் கட்டுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை எண்களின் சண்டையாக வந்தது. 1997-ல் ஹிந்துஸ்தான் லீவர், புதிய பெப்சோடென்ட் 'முன்னணி பேஸ்டைவிட 102% மேல்' என்று விளம்பரம் செய்தது. இரண்டு சிறுவர்களின் எச்சில், கண்ணாடித் தகட்டில் நெளியும் கிருமிகள். பெயர் சொல்லாவிட்டாலும் முன்னணி யார் என்று ஊருக்கே தெரியும். கோல்கேட் ஏகபோக வர்த்தக ஆணையத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2013-ல் அதே இரு நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மீண்டும் நின்றன. இம்முறை எண் 130.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் கிருமியில் ஒரு பேஸ்ட் பத்தையும் இன்னொன்று இருபதையும் குறைத்தால், இரண்டாவது '100% மேல்'. வாயில் மிச்சமிருப்பது 980. சோதனை பொய்யில்லை, வகுத்தல் பொய்யில்லை. எதை எதோடு வகுத்தார்கள் என்பதுதான் திரையில் வராது.

இப்படிப்பட்ட பேஸ்டுகளின் கிருமிநாசினி ட்ரைக்ளோசான். 130-க்கான வழக்கு நடந்த அதே 2013-ன் டிசம்பரில், 30 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு மதிப்பீடு வெளியிட்டது. ட்ரைக்ளோசானோடு கோபாலிமரும் சேர்ந்த பேஸ்ட், சாதாரண ஃபுளோரைடு பேஸ்டைவிடப் பல்லில் படியும் படலத்தை 22 விழுக்காடு குறைத்தது; சொத்தையில் குறைவு ஏறக்குறைய 5 விழுக்காடு. பயன் உண்டு, ஆனால் 22-ஐ வைத்து யார் விளம்பரம் எடுப்பார்கள்? 2019-ல் கோல்கேட் டோட்டல் அமெரிக்காவில் ட்ரைக்ளோசான் இல்லாமல் புதிதாக வந்தது.

கடைசிக் கட்டம் சென்சோடைன் பேஸ்ட். பல்மருத்துவர்கள் பொருள்களைப் பரிந்துரைத்து விளம்பரத்தில் வரக்கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டின் தொழில்நெறி விதி. அதனால் சென்சோடைன் விளம்பரங்களில் வெளிநாட்டுப் பல்மருத்துவர்கள் தோன்றினார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ன் தொடக்கத்தில் அதை நிறுத்தச் சொன்னது. மார்ச்சில் 'உலகெங்கும் பல்மருத்துவர்கள் பரிந்துரைப்பது', 'உலகின் முதலிடம்' என்ற வாசகங்களுக்காக 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 'உலகெங்கும்' என்பதற்குச் சான்றாக நிறுவனம் நீட்டியவை இந்தியப் பல்மருத்துவர்களிடம் மட்டும் எடுத்த இரண்டு கருத்துக்கணிப்புகள். '60 விநாடியில் வேலை செய்யும், மருத்துவரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்ற இன்னொரு வாசகம் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்கப்பட்டது. உரிமத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அழகுப்பொருள் என்று இருந்தது.