பட்டமில்லா நாட்டில் விதைப்பு

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது தமிழக உழவர் வழக்கு. குளிர்நாட்டாரின் கணக்கு வேறு. இளவேனில் வருமுன்பே வீட்டினுள் சாளரத்தோரம் நாற்று வளர்த்து, உறைபனி நீங்கியபின் தோட்டத்தில் நடுவர். நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே அமைந்த சிங்கப்பூரில் இவ்விரு கணக்கும் செல்லா. அங்கு ஆடிக்காற்றும் இல்லை, இளவேனிலும் இல்லை. அவ்வாறாயின் அங்கு விதைப்போர் எதைத் தேடி விதைக்கின்றனர்? குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் வரலாறு இதற்கு விடை தரும்.

இன்று அடுக்குமாடிகள் நிற்கும் அப்பள்ளத்தாக்கில் முன்பு ‘போ பே காங்’ என்னும் சீனச் சிற்றூர் இருந்தது. ‘வாலில்லா ஓடை’ என்பது அப்பெயரின் பொருள். காய்கறி பயிரிடுவதும் பன்றி வளர்ப்பதும் அவ்வூராரின் தொழில். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின் அரிசி அருகியது. வீட்டு முற்றங்களும் கிழங்குத் தோட்டங்களாயின. மரவள்ளிக்கு விதை தேட வேண்டியதில்லை. தண்டின் துண்டே போதும். பஞ்ச காலத்தில் அது பலரைக் காத்ததற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனலாம்.

1953இல், இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டை ஒட்டி, இங்கு எழுந்த புதுநகருக்குக் குவீன்ஸ்டவுன் எனப் பெயரிட்டனர். 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதனை விரிவாக்கியது. நிலம் போயிற்று, தாழ்வாரமும் தொட்டியும் வந்தன.

தொட்டித் தோட்டத்திற்கும் இலக்கணம் உண்டு. வெண்டை, அவரை, வெள்ளரி ஆகியவை இடம் மாற்றினால் வேர் நோகும் இயல்பின. அவற்றை நேரே தொட்டியில் ஊன்றவேண்டும். பாகல் வித்தின் ஓடு தடித்தது. ஓரிரவு நீரில் ஊறுதல் நலம். கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளைத் தட்டில் முளைக்கவிட்டு, நான்கைந்து வாரம் கழித்துப் பிடுங்கி நடலாம். தட்டின் அடியில் நீர் தேங்கலாகாது. ஏடிஸ் கொசு அதற்கெனவே காத்திருக்கும்! நடப்போருக்கு 1.2 மீட்டர் வழிவிடுதலும் விதியாகும்.

இனிப் பட்டத்திற்கு வருவோம். ஜூன் திங்களில் கதிரவன் வடக்கே சாய்ந்து செல்வதால் வடபுறத் தாழ்வாரத்தில் வெயில் விழும். டிசம்பரில் தென்புறத்தில் விழும். ஆதலின் ஒரே கட்டடத்தின் இருபுறத்தாருக்கும் விதைக்கும் மாதம் ஒன்றன்று. நாடு முழுமைக்கும் ஒரு பட்டம் இல்லையெனினும் ஒவ்வொரு தாழ்வாரத்திற்கும் ஒரு பட்டம் உண்டு.

மற்றொன்று விதையின் உயிர். குவீன்ஸ்டவுனுக்கு வடகிழக்கே, தொலைவில் அல்லாத பூமலைத் தோட்டம் இதற்குச் சான்று. 1876இல் விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்கு அனுப்பிய ரப்பர் விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவையோ 3,000க்கும் குறைவு. எண்ணெய்ப் பசை மிக்க அவ்விதை சில வாரங்களிலேயே உயிரிழக்கும். பிழைத்த வழியில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. பின்னாளில் பெருகிய ரப்பர்த் தோட்டங்களே எண்ணற்ற தமிழரை மலாயாவுக்கு ஈர்த்தன. காய்கறி விதைகள் அத்துணை விரைவில் மடிவதில்லை. ஆயினும் வெப்பமும் ஈரமும் அவற்றிற்கும் பகை. தமிழகத்து மூதாட்டியர் சாம்பலில் புரட்டிக் காத்தனர். இங்கு, இறுக மூடிய புட்டியும் குளிர்ப்பெட்டியும் அப்பணியைச் செய்கின்றன. ஐயமுள்ள விதையில் பத்தை ஈரத்துணியில் முடிந்து சோதிக்கலாம். முளைப்பாரி இடும் மரபினர்க்கு இது புதிதன்று.

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்த அந்நாடு அஞ்சியதில் வியப்பில்லை. தேசியப் பூங்காக் கழகம் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு விதைப் பொட்டலங்களை இலவசமாக வழங்கியது. கீரையா, காயா என்பதைக் குடும்பத்தாரே தெரிவு செய்தனர். கீரைக்கு நாள்தோறும் நான்கு மணிநேர வெயில் போதும். காய்ச்செடிக்கு ஆறு மணிநேரமேனும் வேண்டும். நிழல் மிகுந்த தாழ்வாரத்தில் தக்காளியை நட்டுவிட்டு விதையைக் குறைகூறுதல் முறையன்று.

குவீன்ஸ்டவுனின் தங்ளின் ஹால்ட் பகுதியில் 31 கட்டடங்கள் மறுமேம்பாட்டிற்கு உரியவை என 2014இல் அறிவிக்கப்பட்டது. குடியிருந்தோர் புதிய அடுக்குகளுக்குப் பெயர்ந்தனர். வடக்கு நோக்கிய வீட்டை விட்டுத் தெற்கு நோக்கிய வீட்டிற்குச் சென்றவர் தொட்டிகளை மட்டுமன்றி, விதைக்கும் மாதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.